வைதாமு ஸ்டேஷனில் மாலை நாலரை

கரும்பு டன்னுக்கு எழுபது டாலராக இறங்கிய ஆண்டில், ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, வைதாமு காவல் நிலையத்தின் மேல் சூரியன் மறையாமல் நின்றுவிட்டது. ஊரின் மற்றப் பகுதிகளில் அது வழக்கம்போல ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னால் இறங்கிக் கடலுக்குள் போய்ச் சேர்ந்தது. வௌவால்கள் கிளம்பின, கடைக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டினார்கள், தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி தொடங்கியது. நிலையத்தின் கொடிமரம், பின்கட்டு லாக்கப், முற்றத்துக் கறிப்பலா மரம், தெருவைத் தாண்டி எதிர்ச்சாரிச் சாக்கடை, சாக்கடையை ஒட்டிய மூன்று கடைகளின் முகப்பு, இவ்வளவுக்கு மட்டும் மாலை நாலரை மணி வெயில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த வட்டத்தின் விளிம்பில் காலை அகட்டி நின்றவர்களுக்கு ஒரு காதோரம் வியர்த்தது, மறு காதில் கொசு பாடியது. நம் தெருவில் எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் முதல் நாள் தொட்டுப் பார்ப்பார்கள், இரண்டாம் நாள் குறை சொல்வார்கள், மூன்றாம் நாள் விலை கேட்பார்கள். வெயிலுக்கும் அதுவேதான் நடந்தது.

அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் நிலையத்து ஆட்கள் குறைந்த விதம், மழைக்காலத்தில் உப்பு மூட்டை குறைவது போல. எந்த நாளில் எவ்வளவு போயிற்று என்று யாரும் கையைக் காட்டிச் சொல்ல முடியாது. எட்டுப் பேர் இருந்த இடம் அது. இரண்டு பேர் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு எங்கோ பாலைவனத்தில் அடுத்தவர்களின் சமாதானத்தைக் காவல் காக்கப் போனார்கள்; திரும்பி வந்ததும் ஆளுக்கொரு பிரிட்ஜை வீட்டில் இறக்கிவிட்டுத் தங்கச் சுரங்கத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்கள். ஒருவரைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டார்கள், ஒரு பெரிய மனிதரின் கார்க் கதவைத் திறந்துவிட. சார்ஜென்ட் ஓய்வு பெற்றார், அடுத்த ஆண்டு அவருடைய நாற்காலியும் ஓய்வு பெற்றது. பக்கத்துத் தீயணைப்புக் கொட்டகையின் டிரைவர் பிரிஸ்பேனில் இருக்கும் அண்ணனிடம் போய்விட்டார். ஆஸ்பத்திரி வேன் ஓட்டியவர் இறந்துபோனார், வேன் இருந்தது. ஒவ்வொரு முறையும் தலைமை அலுவலகம், காலியிடம் பரிசீலனையில் உள்ளது என்று எழுதிவிட்டு, போனவரின் டெலிபோனைக் கார்ப்பரல் அபிசாயின் மேசைக்கு மாற்றிக் கொடுத்தது. திருட்டுக்குக் கறுப்பு போன், தீக்குச் சிவப்பு, ஆஸ்பத்திரி வேனுக்குப் பிளாஸ்திரி சுற்றிய ஒன்று. மூன்றும் ஒரே சமயத்தில் அடித்தால் எதை முதலில் எடுப்பது என்று அவர் கேட்டு எழுதியதற்குச் சுற்றறிக்கை வந்தது. மூன்றையும் முதலில் எடுக்கவேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

கடைசியில் நிலையத்தில் மிஞ்சியது அபிசாயும் ஒசேயா என்ற கான்ஸ்டபிளும். ஆளுக்கு அரை நாள். அந்த ஜூலையில் அபிசாயின் மனைவி வாசிதி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஆற்றுக்கு மேலே நசாவு கிராமத்துப் பெண் அவள். அடக்கமும் அங்கேதான் நடந்தது. இறந்தவருக்கு நூறு இரவு துக்கம் காப்பது எங்களூர் எல்லோருக்கும் பொதுவல்ல, ஆனால் அந்த மக்களுக்கு அதை விட்டால் வேறில்லை. நூறாம் இரவு பெண் வீட்டார் பாயும் பன்றியும் கொண்டுவந்து கறுப்புத் துணியை அவிழ்த்துவிட்டால்தான் அந்த வீட்டில் அடுத்த நல்ல காரியம். பெண் வீட்டார் முன் திமிங்கலப் பல்லைக் கையில் ஏந்திச் சொல்லவேண்டிய வார்த்தைகளும் பழையவை, அளந்து தைத்தவை. ஆனால் அபிசாய் மனைவி மேல் உயிராக இருந்தவர். தைத்த துணியில் ஒரு கை ஒட்டுப்போட்டார். நூறு இரவு என்பதோடு நிறுத்தாமல், நூறு இரவை என் கண்ணால் பார்த்து முடிக்கும்வரை தாடி எடுக்கமாட்டேன், யங்கோனா வேர்ச்சாறு குடிக்கமாட்டேன், என் வீட்டில் கல்யாணம் வைக்கமாட்டேன் என்றார். கண்ணால் என்ற அந்தச் சொல்லை யாரும் அவரிடம் கேட்கவில்லை. திமிங்கலப் பல்லின் மேல் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. எங்கள் கடைகளில் விற்ற சரக்கைக்கூட ரசீது இருந்தால் ஏதாவது பேசிப் பார்க்கலாம்.

மூன்று இரவு நசாவில் பாயில் உட்கார்ந்து பார்த்தார். நான்காம் நாள் காலை, கான்ஸ்டபிள் ஒசேயா சைக்கிளில் வந்து, ஒரு பகல் மட்டும் நிலையத்துச் சாவியை வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சினான். பாஸ்போர்ட் விஷயமாகப் போகவேண்டுமாம், மாலைக்குள் வந்துவிடுவானாம். அபிசாய் வந்து சாவியை வாங்கினார். ஒசேயாவிடமிருந்து அடுத்த தகவல் மூன்று வாரம் கழித்து டாஸ்மேனியா ஆப்பிள் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. அங்கே குளிர் அதிகம், சம்பளம் பரவாயில்லை என்று எழுதியிருந்தான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நிலையத்தின் விதி ஒன்று: சூரியன் மறையும்போது கொடியை இறக்கவேண்டும், கொடி இறங்கினால் பகல் முறை முடிந்தது. அன்று மாலை அபிசாய் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வெயில் நாலரையிலிருந்து நகரவில்லை. அவர் இரண்டு மணி நேரம் அப்படியே நின்றதாகவும், பிறகு கயிற்றைக் கட்டிவிட்டு, ஒலித்துக்கொண்டிருந்த கறுப்பு போனை எடுக்கப் போனதாகவும் எதிர்க்கடையில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

வெயில் நிலையத்துக்குச் சொந்தமல்ல, முறையில் இருக்கும் ஆளுக்குச் சொந்தம் என்பது பிர்ஜு லாலின் வீடு பற்றி எரிந்தபோது தெரிந்தது. அபிசாய் தீயணைப்பு வண்டியைத் தானே ஓட்டி, தானே குழாயை அவிழ்த்து, தானே பம்பை இயக்கப் போனார். அவர் போன பாதை முழுக்கக் கரும்புக் காட்டின் நடுவே ஒரு துண்டு மாலை நகர்ந்து போனது. வழியில் சேவல்கள் குழம்பிக் கூவின. திருடர்கள் அவர் வருவதை மூன்று மைலுக்கு முன்பே பார்த்துப் பழகிக்கொண்டார்கள். மறுநாள் இரண்டு புகார்கள் வந்தன. போலீஸ் தாமதமாக வந்தது என்று பிர்ஜு லால் எழுதியிருந்தார். போலீஸ் நிலையத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனது என்று வியாபாரிகள் சங்கம் எழுதியிருந்தது. அதற்குள் எதிர்ச்சாரியில் வெயில் பிடித்த மூன்று கடைகளும் முகப்பில் யங்கோனா வேரைக் காயப்போட்டிருந்தன, திடீர் இருட்டில் பனி இறங்கி வேரில் பூஞ்சை பூத்துவிட்டது.

அபிசாய் ஒரு தடவை தப்பித்துப் பார்த்தார். சட்டையைக் கழற்றி, சாவியை மேசையில் வைத்துவிட்டு, சாக்கடையைத் தாண்டினார். வெயில் நாய் போலப் பின்னாலேயே வந்தது. சாவியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் முறை முடியாது என்று அவருக்குப் புரிந்தது. அதன் பிறகு அவர் தாண்டிப் பார்க்கவில்லை.

ஊர் இதற்குப் பழகிய வேகம் வியாபாரிகளுக்கே வியப்பாக இருந்தது. லாக்கப்பில் ஓர் இரவு வைத்து விடியும்போது விடச் சொல்லி மாஜிஸ்டிரேட் அனுப்பிய குடிகாரனுக்கு இரவும் வரவில்லை, விடியவும் இல்லை. மூன்று வேளை சாப்பாடு ஆனால் விடிந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று அபிசாய்தான் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். அதற்குள் அந்த ஆள் ஒரு வாரத்துக்குத் துணி துவைத்துவிட்டிருந்தான், குடியையும் விட்டிருந்தான். பரீட்சை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் கறிப்பலா மரத்தடியில் படித்தார்கள். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் கரும்பு லாரிக்காரர்கள் டயருக்கு ஒட்டுப்போட அங்கே வந்தார்கள், ஒட்டுப்போட வந்தவர்களுக்கு ரொட்டியும் கத்தரிக்காய்க் கறியும் விற்க ஒரு அம்மாள் வந்தாள். வியாபாரிகள் சங்கத் தலைவர் ஹீராலால் பாய் தன் கடை முகப்பை அடிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். ஊறுகாய்க்கு மாங்காயை இவ்வளவு சீராகக் காயவைக்கும் வெயிலைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். அவர் புகழ்ந்து பேசிய சரக்கு அது ஒன்றுதான்.

அபிசாய்க்கு ஒரே மகள், மெரேசெய்னி. அவளுக்கு மாப்பிள்ளையும் தாய் இருக்கும்போதே நிச்சயம் ஆகியிருந்தது: தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் இன்ஜின் பார்க்கும் ஐசாக்கே. துக்கம் அவிழ்ந்ததும் கல்யாணம் என்று பேச்சு. நசாவில் இரவுகள் முறைப்படி வந்து போயின. நூறாவது வந்ததும் ஊரே படகில் இறங்கி, பாய்கள், மண்ணெண்ணெய் பீப்பாய், ஹீராலால் கடையில் வாங்கிய நாற்பது கஜம் பூத்துணி, கால் கட்டிய பன்றி எல்லாவற்றோடும் நிலைய முற்றத்துக்கு வந்து வெயிலில் உட்கார்ந்தது. அவர்களுக்காகப் பேசியவன் வாசிதியின் தம்பி செமேசா. கிராமத்தின் பேச்சாளன் பரம்பரையாக அவன்தான். அபிசாய்க்கு அவன் தவாலே, அதாவது மச்சினன். தவாலே முறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பாயில் உட்கார்ந்தால் செமேசாவின் குரல் வேறு. அந்தக் குரலில் அவன், பல்லின் மேல் சொன்ன சொல்லின்படி உங்கள் கண் எத்தனை இரவு பார்த்தது என்று கேட்டான். அது ஒரு சடங்குக் கேள்வி. நூறு என்பதைத் தவிர அதற்கு இன்னொரு பதில் உண்டு என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

அபிசாய் மூன்று என்றார்.

பெரியவர்கள் தலையைச் சேர்த்துப் பேசினார்கள். ஊர் பார்த்த இரவு வேறு, சொன்னவன் பார்த்த இரவு வேறு என்று முடிவாயிற்று. பாய்களைச் சுருட்டினார்கள். செமேசா எழுந்து வந்து, தன் சொந்தக் குரலில், அபிசாயின் தாடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான்.

"நூறுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா இந்நேரம் பன்னி வெந்திருக்கும், தவாலே. ஊருக்கெல்லாம் பொய் சாட்சி பிடிக்கிற போலீஸு, உனக்கு ஒரு பொய் வரல."

"பாத்தது மூணுதானே."

"மிச்சத்தை நான் பாத்தேன். எங்க அக்காதானே. என் கண்ணை எடுத்துக்கோ."

"உன் கண்ணு மாடு திருடப் போனப்போ எத்தனை தடவை கட்டி வச்சிருக்கேன். அதை நம்பி நான் பல்லுல கை வைக்கவா?"

செமேசா சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெரேசெய்னி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். பன்றி திரும்பிப் போனது. ஒரே பன்றி இரண்டு முறை அந்த ஆற்றைக் கடந்தது அப்போதுதான். நாற்பது கஜம் துணியை ஹீராலால் பாய் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ஓரத்தில் சேறு பட்டிருக்கிறது என்றார்.

போவதற்கு முன் செமேசாதான் வழி ஒன்று சொன்னான். பேச்சாளர் குடும்பத்தில் பிறந்தவனுக்குச் சொல்லில் எங்கே தையல் பிரியும் என்று தெரியும். இரவு வேலைக்குச் சர்க்கார் கூடுதல் படி கொடுக்கிறதல்லவா, அதைக் கேட்டு எழுது என்றான். "சர்க்கார் ராத்திரின்னு ஒத்துக்கிட்டுக் காசு குடுத்தா, எங்களுக்கும் அது ராத்திரிதான். சர்க்கார் என்ன சொன்னாலும் முத்திரை குத்தியில்ல சொல்லுது. பெரியவங்களை நான் பாத்துக்கறேன்." அபிசாய் அதுவரை ஒரு நாள்கூட ஓவர்டைம் கேட்டதில்லை. கேட்டால் யார் கையெழுத்துப் போடுவது என்பது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மேலதிகாரியின் இடத்திலும் அவர்தான் இருந்தார். இப்போது எழுதினார். வேலை செய்தவர் அபிசாய், சரிபார்த்தவர் அபிசாய், பரிந்துரைத்தவர் அபிசாய். காசு அவருக்கு முக்கியமில்லை. இரவு என்று தலைப்பிட்ட கட்டத்தில் யாராவது ஒருவர் மையைத் தொட்டால் போதும்.

கோரிக்கை மாதாமாதம் போயிற்று. பதில் வரவில்லை. அது சேர்ந்து சேர்ந்து, தீவுகளிலேயே பெரிய ஓவர்டைம் கோரிக்கை ஆகிவிட்டது. அங்கிருந்து அது பத்திரிகைக்குப் போக ஒரு வாரம்தான் பிடித்தது. ஒரு கார்ப்பரல் ஒரு நாளில் இருபத்துநாலு மணி நேரம் உழைத்ததாகச் சொல்லி வரிப்பணத்தைக் கேட்கிறார் என்று முதல் பக்கத்தில் போட்டார்கள். காலை வானொலியில் போன் போட்டுப் பேசுகிற நிகழ்ச்சியில், லம்பாசாவிலிருந்து பேசிய ஒருவர் இந்த ஆள் தூங்குவதே இல்லையா என்று கேட்டார். பா நகரிலிருந்து பேசிய ஒருவர் தூங்குகிறாராம், நம் காசில் என்றார். அதற்கு ஆதாரம் எங்கள் தெருவிலிருந்தே போனது. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அபிசாய் மூன்று போன்களுக்கு நடுவில் மேசையில் தலை சாய்ந்திருந்தார். ரொட்டி வாங்க வந்த லாரிக்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்துப் போட்டார். படத்தில் பளீரென்று மாலை வெயில். பட்டப்பகலில் தூங்கும் போலீஸ் என்று அது தீவுதோறும் சுற்றியது. விடியற்காலை மூன்று மணி என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய எல்லோரும் அந்த நேரத்தில் அங்கே ஏன் வியாபாரம் செய்தோம் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் சும்மா இருந்துவிட்டார்கள். அதன்பின் ஹீராலால் கடை பெஞ்சில் உட்கார்ந்து கார்ப்பரலைக் கவனிப்பது ஊரில் ஒரு பொழுதுபோக்கானது. அவர் கொட்டாவி விட்டதற்கு ஒரு புகார் வந்தது. தாடி வளர்த்ததற்கு ஏழு. சிரிக்கவில்லை என்று ஒன்று. ஒவ்வொரு புகாரையும் பதிவு செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டியவரும் அவர்தான், அனுப்பினார்.

இவ்வளவுக்கும் பிறகு விசாரணைக்கு ஆள் வந்தது. பிரபா மஹராஜ் என்ற அந்த அம்மாள் கணக்குத் தணிக்கையில் தலை நரைத்தவர், நியாயமானவர் என்று பெயர். பொதுமக்கள் முன்னிலையில், நிலைய முற்றத்திலேயே, குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கைக்கடிகாரம் இரவு ஒன்பதரை காட்டியது. அதை அவர் ஒரு முறை பார்த்தார், மேற்கே ஒரு முறை பார்த்தார், கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு தன் அதிகாரத்தில் இரண்டு வழிகள் இருப்பதாகச் சொன்னார். கோரிக்கையை ஒப்புக்கொண்டு இரவு என்று முத்திரை குத்தலாம். அல்லது வைதாமுவுக்கு இரண்டு கான்ஸ்டபிள்களை அனுப்பச் சிபாரிசு செய்யலாம், அவர்கள் சாவியை வாங்கிக்கொண்டால் கார்ப்பரல் வீட்டுக்குப் போகலாம். எதுவானாலும் பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் செய்யமாட்டேன் என்றார். அபிசாய் கொடிமரத்தடியில் நின்றார். மெரேசெய்னியும் ஐசாக்கேயும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள், இடையில் ஒரு கை இடம் விட்டு. எந்த வழியானாலும் கல்யாணம் நடந்துவிடும் என்று அங்கே இருந்த குழந்தைக்கும் தெரியும்.

பொதுமக்கள் என்றால் எங்களூரில் ஹீராலால் பாய்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக வைதாமுவுக்குப் போலீஸ் போதாது என்று மனு எழுதியவர் அவர். அவரை அழைத்தார்கள்.

"கார்ப்பரலுக்கு ஓய்வு வேணும்னு நினைக்கிறீங்களா, பாய்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஓய்வு யாருக்கும்மா வேண்டாம்? நானே நாற்பது வருஷமா கல்லாவை விட்டு எழுந்திருக்கல. என்னை யாரு கேட்டா?"

"ரெண்டு ஆள் போடலாமா?"

ஹீராலால் பாய் தன் கடைப் பக்கம் பார்த்தார். வெயிலில் அவருடைய முகப்பு முழுக்க வேர் காய்ந்துகொண்டிருந்தது, அதற்கப்பால் லாரிகள், ரொட்டிக் கடை, படிக்கிற பிள்ளைகள். இரண்டு ஆள் வந்தால் சாவி கை மாறும், கை மாறினால் பொழுது சாயும். அவர் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தது வெளியே தெரிந்தது என்று பின்னால் சொன்னார்கள். அப்படி எல்லோரும் நிறுத்துக்கொண்டிருந்ததால்தான் தெரிந்தது.

"ரெண்டு பேர் எதுக்கும்மா?" என்றார் கடைசியில். "இந்த வெயில் வந்ததுக்கப்புறம் திருட்டு இருக்கா? இல்ல. இருட்டே இல்லயே, எங்கேருந்து திருட்டு வரும். ஒரு ஆள் சம்பளத்துல எட்டு ஆள் வேலை. இப்படி ஒரு லாபத்தைக் கைவிட்டா சர்க்கார்தான் நஷ்டப்படும். என்னைக் கேட்டா கார்ப்பரலுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கணும்."

"அப்போ ராத்திரிப் படியைக் குடுத்துடலாமா?"

"ராத்திரி எங்கேம்மா இருக்கு?" என்று ஹீராலால் பாய் கையை விரித்துக் காட்டினார். "நீங்களே குடை பிடிச்சிருக்கீங்க."

அவர் சொன்னது உண்மையும்கூட. ரொட்டி விற்கும் அம்மாள் எழுந்து என்னவோ சொல்ல வாயெடுத்து, தன் அடுப்பு இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். லாரிக்காரர்கள் டயரைப் பார்த்தார்கள். பிள்ளைகளின் பெற்றோர்கள் பரீட்சை முடியட்டும் என்றார்கள். பிரபா மஹராஜ் அம்மாள் கார்ப்பரலிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். அப்போது பார்த்துச் சிவப்பு போன் அடித்தது, அவர் அதை எடுக்கப் போய்விட்டார். தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது: சூரியன் மறையாததால் பகல் முறை முடியவில்லை, முடியாத முறைக்குக் கூடுதல் நேரம் கிடையாது, பொதுமக்கள் திருப்தியாக இருப்பதால் ஆள் தேவையில்லை, தாடியை எடுக்கவும். பாராட்டு விழாவும் சொன்னபடி நடந்தது. சங்கத்தின் சார்பில் ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது நிலையத்துச் சுவரில் ஏறியதும் நாலரையில் நின்றது. கடைக்காரர் வேறு மாற்றித் தர மறுத்துவிட்டார், சரக்கில் குறையில்லை என்று.

ஒரே ஒரு தடவை, விழா முடிந்த அடுத்த ஆண்டு, வேறெங்கோ போகவேண்டிய பயிற்சிக் கான்ஸ்டபிள் ஒருவன் பஸ் மாறி வைதாமுவில் இறங்கிவிட்டான். அபிசாய் அவன் கையில் சாவியை வைத்துவிட்டுச் சாக்கடையைத் தாண்டினார். வெயில் பின்னால் வரவில்லை. அவர் ஆலைக் குடியிருப்பில் இருந்த தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான்காவது இரவைப் பார்த்தார். மெரேசெய்னி கூட உட்கார்ந்திருந்தாள். நட்சத்திரம் இவ்வளவு இருந்ததா, உங்கம்மா இருக்கும்போது கவனிக்கலியே என்று மட்டும் சொன்னாராம். காலையில் போய்ப் பார்த்தபோது சாவி மேசையில் இருந்தது, பையன் முதல் பஸ்ஸில் போயிருந்தான். இருட்டுகிற மாதிரித் தெரியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தான். பஸ் கிளம்பியதிலிருந்து கார்ப்பரல் வரும்வரை முகப்பில் வேர் காயவில்லை என்று சங்கம் எழுதிய புகாரும் அன்றைய தபாலில் போனது.

அன்று மத்தியானம் மெரேசெய்னி, "தா, அந்தச் சாவியை நான் வந்து வாங்கிக்கறேன்" என்றாள்; அவர்கள் பேச்சில் தா என்றால் அப்பா. அவர் வேண்டாம் என்று சொன்னார். அவள் கேட்கவில்லை. ஐசாக்கேயிடம் கொஞ்ச நாள் பொறு என்று சொல்லிவிட்டுப் போலீஸ் பயிற்சிக்குப் போனாள். ஓட்டத்தில் முதலாவது, சட்டத்தில் மூன்றாவது. தேர்ந்து வந்தவர்களிடம் விருப்பமான ஊரைக் கேட்டபோது வைதாமு என்றாள். அந்த ஊரைக் கேட்டவர் அதுவரை இல்லாததால் அதிகாரி அவளை உட்காரவைத்து விசாரித்தார். உங்கப்பா இருக்கிற நிலையமா, உறவுக்காரர்களை ஒரே நிலையத்தில் போட விதி இல்லையேம்மா என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். ஆனால் எதிர்க்கரையில் நாய்ரோகோ தீவில் ஓர் இடம் காலி, அங்கிருந்து பார்த்தால் வைதாமு தெரியும் என்றார். அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

நாய்ரோகோவில் அவளுக்குச் சாவியைக் கொடுத்த சார்ஜென்ட் அதே படகில் ஏறி ஆக்லாந்துக்குப் போய்விட்டார். அந்த மாலை அங்கேயும் பொழுது சாயவில்லை. தலைமை அலுவலகத்தில் இதற்கென்று இப்போது அச்சடித்த பதிலே இருந்தது. ஐசாக்கே மூன்று ஆண்டு பொறுத்தான், எங்கள் தெருவில் கடன் கொடுத்தவர்கள்கூட அவ்வளவு பொறுப்பதில்லை. பிறகு சவுசவுவில் ஒரு தையல்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன் நிலையத்துக்கு வந்து, பாய் விரித்து, திமிங்கலப் பல் வைத்து மன்னிப்புக் கேட்டான். அபிசாய் பல்லைத் தொட்டு ஏற்றுக்கொண்டார், யங்கோனாவை மட்டும் குடிக்கவில்லை. இன்றும் ஐசாக்கேயின் கப்பல்தான் இரு கரைக்கும் நடுவே ஓடுகிறது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மீன் டப்பாவும் இங்கிருந்து போகின்றன, அங்கிருந்து துவைத்து மடித்த சட்டைகள் வருகின்றன. பொட்டலத்தைக் கட்டித் தருவது ஐசாக்கேயின் மனைவி. முடிச்சு இறுக்கமாக இருக்கும்.

செமேசா வருஷத்துக்கு ஒரு முறை ஆற்றில் இறங்கி வந்து, தவாலே, இப்போ எத்தனை என்று கேட்பான். நாலு என்பார் அபிசாய். "பரவால்ல, ஏறிட்டு வருது" என்பான் செமேசா. பன்றி எப்போதோ செத்துவிட்டது, அதன் பேரக்குட்டிகள் ஓடித் திரிகின்றன. தாடி பெல்ட்டுக்குள் செருகும் நீளத்துக்கு வந்துவிட்டது, வெயிலில் ஓரம் செம்பட்டை பாய்ந்திருக்கிறது.

இரவுக் கப்பலில் போகிறவர்கள் இப்போது இரண்டு மாலைகளைப் பார்க்கலாம், இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. மாலுமிகள் அவற்றை வரைபடத்தில் குறித்துக்கொண்டார்கள், கலங்கரை விளக்கத்தை அணைத்தாயிற்று, டிக்கெட் விலை குறையவில்லை. கப்பல் நடுக்கடலுக்கு வந்ததும் ஐசாக்கே ஒரு தடவை சங்கை ஊதுவான். அப்போது அபிசாய் வெளியே வந்து, ஐசாக்கே கொடுத்த பழைய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கொடியை ஒரு முழம் இறக்குவார். விதிப்படி அது கூடாது. இருட்டுக்கு அப்பால், தண்ணீருக்கு மேலே மிதக்கிற அந்த மஞ்சள் வெளிச்சத்தில், இன்னொரு கொடி ஒரு முழம் இறங்கும். இரண்டும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், பிறகு ஏறும். இதற்கு மட்டும் இதுவரை யாரும் புகார் எழுதவில்லை. உள்ளே ஏதாவது ஒரு போன் அடிக்கும், அவர் போவார். எதிர்க்கடையில் வேரைப் புரட்டிப் போடுவார்கள், மறுபக்கமும் காயவேண்டும்.